கறுப்பி திரும்பி வந்தாளா?

நூலக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். நூற்பகுப்பு, இரவல் விதி எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அவற்றில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். ஆகவே நான் ஓர் ஆட்டைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

அது புத்தகத்துக்குள் இருந்த ஆடு. பெயர் கறுப்பி. வெள்ளத்துக்குப் பிறகு அது வீடு திரும்பியதா இல்லையா என்ற கேள்வியில் எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. சலூனில் கதைத்தார்கள், கூட்டுறவுச் சங்கக்கடையில் கதைத்தார்கள், ஒரு செத்த வீட்டில்கூடப் பிரேதம் எடுக்கும்வரை அதைத்தான் கதைத்தார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் நடந்தது இது. என் சேவைக்காலத்திலேயே நான் மிகவும் சந்தோசமாக இருந்த மாதம் அதுதான். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்த மாதமும் அதுதான்.

எங்கள் நூலகம் கோப்பாயிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வரும். முன்னால் வெங்காயத் தோட்டம், பின்னால் கிணறு, இடையில் நாங்கள். வாசிப்பு மாதம் வந்தால் வழக்கமாக என்ன செய்வோம்? பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு. பேச்சை அம்மா எழுதிக் கொடுப்பார், கட்டுரையை மாமா எழுதிக் கொடுப்பார், பிள்ளை போய்ப் பரிசை வாங்கும். எனக்கு அது அலுத்துப்போய்விட்டது. இந்த முறை ஊர் முழுக்க ஒரே புத்தகத்தை வாசிப்போம், மாதக் கடைசியில் அதை எழுதியவரையே கூப்பிட்டு இருத்திக் கதைப்போம் என்று வாசகர் வட்டக் கூட்டத்தில் சொன்னேன். சிறுவர் புத்தகமாக இருந்தால் சின்னவரும் வாசிக்கலாம், பெரியவரும் வாசிக்கலாம்.

வாசகர் வட்டத் தலைவர் ஓர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். நல்ல மனிதர், ஒலிவாங்கியைக் கண்டால் மட்டும் விடமாட்டார்.

"யோசனை நல்லது மிஸ். போட்டி என்ன வைக்கிறியள்?" என்று கேட்டார்.

"போட்டி இல்லை ஐயா. வாசிக்கிறது மட்டுந்தான்."

"போட்டி இல்லாமல் எங்கடை சனம் என்னத்துக்கு வாசிக்கும்?"

 "பாப்பம் ஐயா" என்று சொல்லி வைத்தேன்.

நாங்கள் தெரிந்தெடுத்த புத்தகம் மட்டக்களப்புப் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் தானே எழுதி, தானே படமும் கீறியது. கதை சின்னது. வெள்ளம் வருகிறது. ஒரு சிறுமியையும் தாயையும் ஏற்றிப்போகத் தோணி வருகிறது. தோணியில் ஆட்டுக்கு இடமில்லை. சிறுமி கறுப்பியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, "எங்கையாவது மேட்டுக்கு ஓடிப்போ" என்று விட்டுவிட்டுப் போகிறாள். வெள்ளம் வடிந்ததும் தாயும் மகளும் வீடு திரும்புகிறார்கள். கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. படம் மட்டும்தான். சேறு படிந்த வீடு, வேலியில் கழுவிக் காயப்போட்ட பாய், சட்டிபானை, சீலை, கயிறு. சிறுமி படலையைப் பிடித்தபடி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் கதை.

எங்களால் வாங்க முடிந்த பிரதிகளை நூலகத்துக்குள் பூட்டி வைக்காமல் வெளியே விட்டோம். சலூனில் ஒன்று, சங்கக்கடையில் ஒன்று, ஓட்டோ தரிப்பிடத்தில் ஒன்று, ஆஸ்பத்திரியில் இலக்கத் துண்டு எடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாங்கில் ஒன்று. தொலைந்துபோகும் என்று என் உதவியாளர் அழாக் குறை. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் அவ்வளவும் அழுக்காகிவிட்டன. சலூன் பிரதியில் சவர்க்கார நுரை காய்ந்திருந்தது, சங்கக்கடைப் பிரதியில் மண்ணெண்ணெய் மணந்தது. அந்த அழுக்கைப் பார்க்க எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

சலூன்காரத் தம்பி ஒரு நாள் அரைவாசி முகம் வழித்த ஆளைக் கதிரையில் இருத்திவிட்டுக் கதையைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். தோணி வருகிற இடத்தில் அந்த ஆள், "மிச்சத்தைப் பேந்து வழிக்கலாம், நீ வாசி" என்றாராம். ஓட்டோக்கார அண்ணைமார் ஒருபடி மேலே போனார்கள். ஆடு எவ்வளவு நேரம் நீந்தும் என்று வாதம் முற்றி, கொடிகாமச் சந்தையில் ஆடு விற்கிற ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர், "ஆடு விற்கப்போறியளோ, வாங்கப்போறியளோ, அதைச் சொல்லுங்கோ முதல்" என்று திட்டினாராம். போட்டி இல்லாமலே ஊர் வாசித்தது. நான் தலைவரைக் காணும்போதெல்லாம் வேண்டுமென்றே சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் படிப்பிக்கிற ரியூசன் மாஸ்டர் ஒருவர் இருந்தார். கெட்ட மனிதரல்ல. பிள்ளைகளுக்காக மாடாய் உழைப்பவர். ஆனால் எங்கள் ஊரில் எது அச்சில் வந்தாலும் அது சோதனைக்கு வரும் என்று நினைக்கிற குணம் ஒன்று உண்டு. அவருக்கு அது கொஞ்சம் கூட. ஊரே ஒரு புத்தகத்தை வாசிக்கிறது என்றதும், அதிலிருந்து ஒரு மாதிரி வினாத்தாள் அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கறுப்பியின் நிறம் என்ன, தோணியில் ஏறியோர் யார் என்று போய், கடைசியில் ஒரு கேள்வி: இறுதியில் கறுப்பிக்கு என்ன நடந்தது? கீழே நான்கு விடைகள், சரியானதற்குக் கீழ்க் கோடிடுக.

மாஸ்டரின் விடை, ஆடு வெள்ளத்தில் இறந்துவிட்டது என்பது. திரும்பி வந்தது என்று கோடிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் பிழை.

பிறகு நடந்ததை எங்கள் ஊர்ச் சனத்தைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். பிழை வாங்கிய பிள்ளைகளின் தாய்மார் மீள்திருத்தம் கேட்டார்கள். ஒரு கதைப் புத்தகத்துக்கு மீள்திருத்தம்! "என்ரை பிள்ளைக்கு அந்த ஒரு புள்ளியாலை இரண்டாமிடம் போச்சு" என்று ஓர் அம்மா நூலகத்துக்கே வந்து என்னிடம் முறையிட்டார். நான் என்ன பரீட்சை ஆணையாளரா? "எழுதினவ வரட்டும், அவ சொல்லட்டும்" என்று மாஸ்டர் அறிவித்தார். தாய்மாரும் ஒத்துக்கொண்டார்கள். தலைவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கடைசியில் போட்டி ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா?

இதற்குள் ஒரு பின்னேரம் டிலக்சி வந்தாள்.

டிலக்சி நாலாம் வகுப்பு. அடுத்த வருடப் புலமைப்பரிசிலுக்காக மாஸ்டரிடம் இப்போதே ரியூசனுக்குப் போகிறவள். தாய் தோட்ட வேலைக்குப் போகிறவர். தாய் வரும்வரை நூலகத்தில்தான் இருப்பாள். கறுப்பியின் கதையை எத்தனை தரம் வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு வந்து புத்தகத்தை என் மேசையில் வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாம் மிஸ்."

"ஏன் பிள்ளை, வேறை தரட்டோ?"

"ஒண்டும் வேண்டாம். நான் வாசிச்சால் பிழையாத்தான் விளங்குது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிள்ளைகளே, புத்தகம் தொலைந்தால் திரும்ப வாங்கலாம். அலுமாரி கறையான் அரித்தால் புதிது செய்யலாம். ஒரு பிள்ளை தனக்கு வாசிக்கத் தெரியாது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு போனால் அதற்கு எந்தத் திணைக்களத்திலும் நிதி ஒதுக்கீடு கிடையாது.  ஊர் முழுக்க வாசிக்க வைக்கப் புறப்பட்டு, முன்பே வாசித்துக்கொண்டிருந்த ஒருத்தியை இழந்துவிட்டேனே என்று மாஸ்டர் மேல் வந்த கோபம் என் மேலும் வந்தது.

பயண ஏற்பாடு கதைப்பதற்காக எழுத்தாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கினால் நாங்கள் கூட்டிப்போவோம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, மெல்லக் கேட்டேன், கறுப்பி திரும்பி வந்ததா என்று.

 "அது எங்கட சொந்த ஆடு" என்றார் அவர். "நான் சின்னப் பிள்ளையா இருக்கக்குள்ள நடந்தது. வெள்ளம் வடிஞ்சு நாங்க வந்தம், மறுகா எத்தனையோ நாள் பார்த்தம். வரல்ல. அம்மா அண்டைக்கே சொல்லிட்டா, அது செத்துப்போச்சு, அழாத எண்டு."

 மாஸ்டர் சொன்ன விடைதான் சரி. மேடையில் அந்த விடை அறிவிக்கப்படும். டிலக்சி மட்டுமல்ல, அவளைப் போலக் கோடிட்ட அத்தனை பிள்ளைகளும் ஊர் முன்னிலையில் இரண்டாம் தரம் பிழை வாங்குவார்கள்.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மிகச் சுலபமான வழி ஒன்று இருந்தது. "பிள்ளைகளுக்காக, வந்தது எண்டு சொல்லிவிடுங்கோ" என்று கேட்டிருக்கலாம். அவரும் சம்மதித்திருப்பார், அவ்வளவு நல்லவர். நான் கேட்கவில்லை. அவருடைய ஆட்டைப் பற்றி அவரைப் பொய் சொல்லச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெரியவர்கள் இரக்கப்பட்டுத் தரும் விடையை அவர்கள் மணத்தாலேயே பிடித்துவிடுவார்கள். கேள்வியே கேட்க வேண்டாம் என்று தடுக்கவும் வழியில்லை. ஓட்டோ ஒன்றில் ஒலிபெருக்கி கட்டி, "கறுப்பி திரும்பி வந்தாளா? விடை ஞாயிறு மாலை! எழுத்தாளரின் வாயாலேயே! அனைவரும் வருக!" என்று தலைவர் ஒழுங்கை ஒழுங்கையாக அறிவித்துக்கொண்டு திரிந்தார்.

எழுத்தாளரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "விடை சொல்ல முதல், பிள்ளையள் ஏன் அப்பிடி நினைச்சவை எண்டு ஒருக்காக் கேளுங்கோ." "அதுக்குத்தானே நான் வாறன்" என்றார் அவர்.

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டிலக்சி வீட்டுக்குப் போனேன். கடல்நீரேரிப் பக்கம் தாழ்ந்த காணி. முந்திய மாரியில் அந்தப் பக்கம் வெள்ளம் ஏறி, சனம் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியிருந்தது. தாய் வீட்டுக் கோடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். டிலக்சி படலைக்குப் பக்கத்தில் நின்றாள். வேலியில் சீலை, துவாய், பழைய கயிறு என்று ஏதேதோ காய்ந்துகொண்டிருந்தன.

"ஞாயிற்றுக்கிழமை எழுதினவ வாறா. நீ வந்து நேரை கேளன்" என்றேன்.

"அவவும் பிழை எண்டு சொன்னால்?"

நல்ல கேள்வி. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பயப்படாதே, சொல்லமாட்டார் என்று தேற்ற நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சொன்னால், நீ ஏன் அப்பிடி நினைச்சனி எண்டு அவவுக்குச் சொல்லு. அவ கேப்பா."

"மாஸ்டர் கேக்கேல்லை."

"கோடு போடுற கேள்வியிலை கேக்க இடமில்லை பிள்ளை. இவ கேப்பா."

அவள் படலையைத் திறந்து மூடிக்கொண்டு நின்றாள். தாய்தான், "கூட்டிக்கொண்டு வாறன் மிஸ். அந்த ஆட்டுக் கதை வந்த நாளிலையிருந்து உவளோடை பெரிய கரைச்சல்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வானம் இருண்டுகொண்டு வந்தது. ஐப்பசி அல்லவா, யாரையும் குறை சொல்ல முடியாது. சனசமூக நிலைய மண்டபத்தில் இருக்க இடமில்லை. சலூன் பூட்டு, சங்கக்கடை பூட்டு. அரைவாசி முகத்தோடு கதை கேட்ட மனிதர் முழு முகமும் வழித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். தோட்டத்திலிருந்து நேரே வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு வாசலில் நின்றார்கள். எழுத்தாளர் சின்ன உருவம், பருத்திச் சீலை, தோளில் துணிப்பை. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

எங்கள் நிகழ்ச்சி நிரல் உங்களுக்குத் தெரியும். மங்கள விளக்கு, தேவாரம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, அதற்குப் பிறகுதான் வந்தவர் வாய் திறக்கலாம். ஆசியுரை முடியும் முன்பே மழை பிடித்தது. தகரக் கூரை. ஒலிவாங்கியையும் மீறி இரைச்சல். தலைவர் இன்னும் உரத்துப் பேசினார். அப்போது பார்த்து மின்சாரம் போய்விட்டது.

தலைவர் என்னிடம் வந்தார். "கரண்ட் வரட்டும் மிஸ். வாழ்த்துரை மட்டும் நாலு பேர் கிடக்கினம். அவையை விட்டால் கோவிப்பினம்."

சனத்தைப் பார்த்தேன். பின்வரிசையில் இரண்டு மூன்று தாய்மார் குடையைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். டிலக்சி தாயின் பக்கத்தில், வாசலுக்கு மிகக் கிட்ட இருந்தாள். மழை கொஞ்சம் விட்டால் எழும்பிப் போய்விடுவாள் என்று தெரிந்தது.

நெருக்கடியில் எனக்கு உதவியது ஒன்றே ஒன்றுதான்: இந்த விழா யாருக்காக என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். நாலு வாழ்த்துரைக்காரருக்கு அடுத்த நாள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கலாம். அந்தப் பிள்ளையை நாளைக்கு எங்கே தேடுவேன்?

"ஐயா, கதிரையளை ஓரத்துக்கு எடுக்கச் சொல்லுங்கோ. பாயை விரியுங்கோ. இனி உரை இல்லை" என்றேன்.

தலைவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, மனிதர் என்ன நினைத்தாரோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கதிரையைத் தானே தூக்கினார். அதற்குப் பிறகு ஊர் சும்மா நிற்குமா? ஓட்டோக்கார அண்ணைமார் ஓட்டோக்களைச் சன்னலோரம் நிறுத்தி முன்விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். எழுத்தாளர் நடுவில் பாயில் இருந்தார். சனம் முழங்காலோடு முழங்கால் முட்ட நெருங்கி இருந்தது. மழைச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்றால் கிட்டப் போகத்தான் வேண்டும். எந்த மேடையும் அவ்வளவு கிட்டக் கொண்டுவந்திருக்காது.

அவர் கதையை வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, "ஆடு வரல்ல எண்டு சொல்ற ஆக்கள் ஆர்?" என்று கேட்டார். மாஸ்டர் எழும்பினார். வெள்ளத்தின் வேகம், ஆட்டின் உடல்நிலை, வீட்டில் ஆடு நிற்பதாகப் படத்தில் இல்லாமை என்று ஒழுங்காகக் காரணம் சொன்னார். நல்ல வாதம்தான். எழுத்தாளர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"வந்தது எண்டு சொல்ற ஆக்கள்?"

பிள்ளைகளின் கைகள் மேலே போகவில்லை. தாய்மார் முழங்கையால் இடித்தும் போகவில்லை. ஏற்கனவே சிவப்புப் பேனை வாங்கியவர்கள் அல்லவா.  அப்போது வாசல் பக்கமிருந்து டிலக்சி எழும்பி வந்தாள். கை தூக்கவில்லை. நேரே வந்து எழுத்தாளரின் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கி, பக்கம் புரட்டினாள்.

"இந்தப் பக்கத்திலை கயிறு அவிட்டுக் கிடக்கு. நீட்டுக்குக் கிடக்கு. பாருங்கோ." பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். "இஞ்சை வேலியிலை கழுவிப் போட்டிருக்கு. ஆனால் இப்ப கழுத்துக்கு அளவா வளையமா முடிச்சுப் போட்டிருக்கு. ஆரோ திருப்பி முடிச்சுப் போட்டிருக்கினம். ஆடு வராது எண்டால் என்னத்துக்கு முடியிறது?"

புத்தகத்தை எழுத்தாளரின் மடியில் திருப்பி வைத்தாள்.

"எங்கடை ஆடு வெள்ளையையும் போன மாரிக்கு அவிட்டு விட்டனாங்கள். அது செத்துப்போச்சு எண்டுதான் அம்மா சொல்லுறவ. ஆனால் கயித்திலை வளையம் போட்டு வேலியிலை வைச்சிருக்கிறா. நான் கண்டனான்."

எல்லோரும் தாயைத் திரும்பிப் பார்த்தோம். "உது சும்மா... வேறை ஆடு வாங்கினால் கட்டலாம் எண்டு..." என்று தொடங்கியவர், முடிக்காமல் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு அந்த வேலியில் கிடந்த கயிற்றை நானும்தான் பார்த்தேன். பார்த்து என்ன பயன்?

எழுத்தாளர் புத்தகத்தை ஓட்டோ வெளிச்சத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார். 

"இதை நான்தான் கீறினன். ஞாபகத்தில இருந்ததை அப்பிடியே கீறினன். அந்த வளையத்தை நான் இண்டைக்குத்தான் காணுறன்." விரலால் அந்த வளையத்தைத் தொட்டார். "எங்கட அம்மா என்னை அழாத எண்டு சொல்லிப்போட்டு, எனக்குத் தெரியாம அவ வழி பார்த்துக்கொண்டு இருந்திருக்கா. அவ இப்ப இல்ல. இருந்தா இண்டைக்கே போய்க் கேட்டிருப்பன்."

டிலக்சியை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அழுதுகொண்டே சிரித்தார். "கறுப்பி வரல்ல எண்டு சொல்லத்தான் புள்ள நான் பஸ் ஏறி வந்தன். இப்ப எனக்குத் தெரியா. நீதான் என்னைவிட வடிவா வாசிச்சிருக்காய்."

முதலில் கை தட்டியது யாரென்று தெரியவில்லை. பிறகு மழைச் சத்தமே கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆடு பனங்கூடலுக்குள் நிற்கிறது என்றான் ஒருவன். குட்டி போட்டபடியால்தான் வரப் பிந்துகிறது என்றாள் இன்னொருத்தி. "மாஸ்டர், அப்ப எல்லாருக்கும் புள்ளி போடுங்கோ!" என்று சலூன்காரத் தம்பி கத்த, மண்டபமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், ஆனால் அவர் டிலக்சியின் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டி இல்லாமல் எங்கள் சனம் ஏன் வாசிக்கும் என்ற கேள்விக்குத் தலைவருக்கு நான் பிறகு பதில் சொல்லத் தேவைப்படவில்லை. அவரே பாயில் இருந்து ஒரு சின்னப் பிள்ளையோடு பனங்கூடலா, கோயில் மேடா என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்.

உங்களிடம் பலர் விடை கேட்டு வருவார்கள். தெரிந்தால் சொல்லுங்கள். ஆனால் ஒரு பிள்ளை புத்தகத்தோடு வந்து நின்றால், விடை உங்கள் கையில் இருந்தாலும், அது என்ன கண்டது என்று முதலில் கேளுங்கள். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் எழுத்தாளரிடம் அந்தப் பொய்யைக் கேட்காமல் விட்டதுதான். கேட்டிருந்தால் டிலக்சி வாய் திறக்கவே தேவை வந்திராது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அடுத்த கிழமை ஒரு பின்னேரம். டிலக்சி வந்து, தான் தந்துவிட்டுப் போன அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்து, வழக்கமான மூலையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். தாயும் தோட்டத்தால் வந்து வாசலில் நின்றார். மாஸ்டரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதன் பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நூலகத்தில் நான் கேட்கவே கேட்காத சத்தம்.

மாஸ்டர் ஒரு வெள்ளை மறிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வீட்டில் அவருடைய ஆடு போட்ட குட்டியாம். அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழேயே அது கத்தியது.

"மீள்திருத்தம் கேட்டவை எல்லே. இந்தா பிள்ளை, உன்ரை புள்ளி" என்றார். முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

டிலக்சி குட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதன் காதுக்குள் ஏதோ சொன்னாள். சிரித்த முகத்தை அதன் முதுகில் புதைத்துக்கொண்டாள். தாய், "சேருக்கு நன்றி சொல்லன், பிள்ளை. நல்லதாப் போச்சு, வேலியிலை கயிறும் கிடக்கு" என்றார்.

"இல்லை அம்மா" என்றாள் டிலக்சி. "அது வெள்ளையின்ரை. அவ வந்தால் தேடுவா. இவவுக்கு வேறை கயிறு வேணும்."

  மாஸ்டர் பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"ஓம், அது சரி" என்று சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு புதுக் கயிறு வாங்கப் போனார்.